அளந்து பார்க்கப் பழகும் சின்னக் கைகள்



தை மாதம் பிறந்ததும் முன்பள்ளிகளில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். இந்தக் காலத்தில் நான் போகும் தாய்மார் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "முன்பள்ளியில பிள்ளையளுக்கு என்னதான் படிப்பிக்கினம்?" கேட்கும் தாயின் குரலில் கோபத்தை விடக் கவலையே கூடுதலாக இருக்கும்.

கிளிநொச்சி மாவட்டத்தில், மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் ஓர் இளம் தாய் இதையே இப்படிக் கேட்டார்: "மிஸ், என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் சட்டையை நனைச்சுக்கொண்டு, தலையெல்லாம் மண்ணோட வருது. கேட்டால் தண்ணி அளந்தனாங்கள் எண்டு சொல்லுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ரவுணில படிக்குது. அது ஏ, பி, சி எழுதுது, நூறு மட்டும் சொல்லுது. மண்ணும் தண்ணியும் விளையாடத்தான் நான் பிள்ளையை அனுப்புறனோ?"

அவர் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, 2008 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தவர். அதற்குப் பிறகு பாடசாலைப் பக்கம் போகவில்லை. இப்போது கணவரின் துணையில்லாமல், பனை ஓலையில் பெட்டி இழைத்து விற்று ஒரே மகளை வளர்க்கிறார். தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று, ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்து, பிள்ளையை ரவுணில் உள்ள பாலர் பாடசாலைக்கு வானில் அனுப்பலாமா என யோசித்துக்கொண்டிருந்தார். ஆகவே அவருடைய கேள்வி ஒரு பிள்ளையின் சட்டை நனைவதைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் அடுத்த ஒரு வருடச் சீவியமும் அதில் தங்கியிருந்தது. இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இந்த மாதம் இப்பக்கத்தில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

எண்ணுக்கு முன்னால் அளவு

கணக்கு என்றவுடன் எங்கள் மனதில் வருவது கொப்பியும் பென்சிலும்தான். ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நூறு வரை சொல்வது பெரும்பாலும் ஒரு பாட்டைப் பாடமாக்கிச் சொல்வது போன்றதே. அப்படிச் சொல்லும் பிள்ளையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கொட்டையை இரண்டு தரம் எண்ணும், அல்லது இடையில் ஒன்றை விட்டுவிடும். எண்ணின் பெயர் தெரிவதும், எவ்வளவு என்பது விளங்குவதும் இரண்டு வேறு விடயங்கள். இந்த இரண்டாவதுதான் பிள்ளைக்குக் கைவழியாக வருகிறது.

அளத்தல் என்பது ஒப்பிடுவதில் தொடங்குகிறது. எது நீளம், எது கனம், எதில் கூடக் கொள்ளும் என்று பிள்ளை இரண்டு பொருட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இரண்டு ஈர்க்குகளைக் கொடுத்தால், சின்னப் பிள்ளைகள் மேல் நுனியை மட்டுமே பார்த்து "இதுதான் நீளம்" என்று சொல்வார்கள். கீழ்ப்பக்கம் ஒன்று இறங்கியிருப்பது கண்ணில் படாது. "ரெண்டையும் நிலத்தில ஊன்றிப் பாப்பமோ?" என்று ரீச்சர் கேட்டால் போதும். இரண்டும் ஓரிடத்தில் தொடங்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

அடுத்த படி, ஏதாவது ஒன்றை அளவாக வைத்து அளப்பது. காலடி, சாண், சிரட்டை, நெருப்புப்பெட்டி என்று எதுவும் அளவாகலாம். இதில் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. கடைசிவரை ஒரே அளவையே பாவிக்க வேண்டும். இடைவெளி விடக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் கூடாது. மீற்றர், லீற்றர், கிலோகிராம் எல்லாம் இதற்குப் பிறகு பாடசாலையில் வரும்.

அந்தக் கிராமத்து முன்பள்ளியில் ஒருநாள் பிள்ளைகள் பாயை அளந்தார்கள். குதிக்கால் பெருவிரலில் முட்ட அடி வைத்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பேணிக்குள் போட்டார்கள். ரீச்சர் நடந்தபோது 8 கொட்டை. ஒரு சிறுவன் நடந்தபோது 12 கொட்டை. "ரீச்சர் பிழையா அளந்திட்டா!" என்று ஒரே சத்தம். ரீச்சர் மறுபடியும் அளந்தார். அதே 8 தான். பிறகு ஒரு சிறுமி ரீச்சரின் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரீச்சற்ர கால் பெரிசு. அதான் கொஞ்சக் கால் காணும்" என்றாள். அளவு பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பதை அவள் யாரிடமும் கேட்டு அறியவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயதும் ஆகவில்லை.

இவை எங்களுக்குப் புதியவையும் அல்ல. விரற்கடை, சாண், முழம் என்று உடம்பை வைத்தே எங்கள் முன்னோர் அளந்தார்கள். 4 சுண்டு ஒரு கொத்து என்று அரிசி அளந்தார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று காணியைச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் சுண்டு என்று நீங்கள் எடுப்பது அநேகமாக ஒரு பழைய பால்பேணியாகத்தான் இருக்கும். அதே பால்பேணிதான் முன்பள்ளியிலும் பிள்ளையின் கையில் இருக்கிறது.

கஞ்சி போதாமற் போன காலை

அளப்பது எதற்கு? ஏதாவது ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கு. சிக்கல் இல்லாமல் சும்மா அளக்கச் சொன்னால் பிள்ளைக்கு அது விரைவில் அலுத்துவிடும். அந்த முன்பள்ளியில் நான் பார்த்த சிக்கல் ஒரு காலை உணவு நேரத்தில் வந்தது.

அங்கே 17 பிள்ளைகள். தாய்மார் முறை வைத்துக் கஞ்சியோ அவித்த கடலையோ செய்து கொடுப்பார்கள். அன்று பயற்றங்கஞ்சி. அகப்பையால் ஒவ்வொரு கிண்ணமாக வார்த்துக்கொண்டு போக, கடைசி மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. ஏற்கெனவே கஞ்சி கிடைத்திருந்த ஒரு சிறுவன் இரண்டு கையாலும் தன் கிண்ணத்தை மூடிக்கொண்டான்.

ரீச்சர் முதலில் அலுமாரியில் இருந்த பிஸ்கட்டை எடுத்து அந்த மூன்று பேருக்கும் கொடுத்தார். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, வட்டமாக இருத்தி, "இண்டைக்கு மூண்டு பேருக்குக் காணாமல் போச்சு. நாளைக்கு எல்லாருக்கும் காண என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

பதில்கள் வந்தன. "பெரிய பானை வாங்குவம்." "நான் முன்னுக்கு நிக்கிறன்." "அவனுக்குக் குடுக்காதேங்கோ, அவன் வீட்டில சாப்பிட்டவன்." "சின்னக் கரண்டியால விடுவம்." ரீச்சர் எதையும் பிழை என்று சொல்லவில்லை. "சரி, செய்து பாப்பம்" என்றார்.

கஞ்சிப் பானையைக் கழுவி, கஞ்சி இருந்த மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். 17 கிண்ணங்களையும் நிலத்தில் வரிசையாக வைத்தார்கள். முதலில் அகப்பை. 14 கிண்ணத்தோடு தண்ணீர் முடிந்துவிட்டது. காலையில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் இப்போது கண்ணால் கண்டார்கள். தண்ணீரைத் திருப்பிப் பானைக்குள் ஊற்றி, இம்முறை ஒரு சிரட்டையால் வார்த்தார்கள். 15, 16, 17. எல்லாக் கிண்ணத்திலும் தண்ணீர்! பானைக்குள்ளும் மிச்சம் இருந்தது. துள்ளிக் குதித்தார்கள். மிச்சத்தை அளந்து பார்த்தபோது 6 சிரட்டை வந்தது.

இப்போது அடுத்த சிக்கல். 6 சிரட்டை 17 பேருக்குக் காணாது. அது ஆருக்கு? இதற்கு அன்று முடிவு வரவில்லை. மறுநாளும் கதைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்றான் ஒருவன். வேலை செய்தவைக்கு என்றாள் இன்னொருத்தி. கடைசியில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, "ஆருக்கு இன்னும் பசிக்குதோ அவைக்கு" என்றது. அதுவே முடிவானது. அன்றிலிருந்து அங்கே கஞ்சி சிரட்டையால்தான் பரிமாறப்படுகிறது. முதலில் ஆளுக்கு ஒரு சிரட்டை. மிச்சம், பசிக்கிற ஆட்களுக்கு.

கஞ்சி காய்ச்ச வந்திருந்த ஒரு பேரம்மா குந்தில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மெல்லச் சொன்னார்: "நிவாரண வரிசையில கடைசியா நிண்ட ஆக்களுக்குத்தான் பிள்ளை உந்தக் கணக்கு விளங்கும்."

உண்மைதான் சகோதரிகளே. வரிசையின் முன்னுக்கு நிற்க முடிந்தவனுக்குக் கிடைக்கும், முடியாதவருக்குக் கிடைக்காது என்பதை எங்களில் பலர் பட்டு அறிந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பங்கீடு பற்றியும் சமத்துவம் பற்றியும் எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். ஒரு பானையையும் சிரட்டையையும் வைத்து ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதைச் செய்து பார்ப்பதை அன்றுதான் கண்டேன். "காணாது" என்பது தலைவிதி அல்ல, அளந்து பார்த்து முறையை மாற்றலாம் என்று அந்தப் பிள்ளைகள் கற்றார்கள். முண்டியடித்து முன்னுக்குப் போகாமலே தனக்கும் கிடைக்கும் என்று நம்புவதற்கு அவர்களுக்கு ஓர் ஆதாரமும் கிடைத்தது.

கிண்ணத்தை மூடிக்கொண்ட அந்தச் சிறுவனின் கை மறுநாளும் கிண்ணத்தின் மேலேதான் இருந்தது. ஒரு பாடத்தால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் மூன்றாம் கிழமை பரிமாறும் முறை அவனுக்கு வந்தபோது, ஒவ்வொரு சிரட்டையையும் விளிம்பு மட்டம் பார்த்துப் பார்த்து வார்த்தான். தனது கிண்ணத்துக்குக் கடைசியாகத்தான் வார்த்தான்.

ரீச்சர் செய்ததும் செய்யாததும்

"சிரட்டையால விடுங்கோ" என்று ரீச்சர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது ஒரு கட்டளை மட்டுமே. அவர் விடையைச் சொல்லாமல் கேள்விகளைக் கேட்டார். "என்ன நடந்தது?" "என்ன செய்யலாம்?" "செய்து பாத்தால் என்ன வரும் எண்டு நினைக்கிறீங்கள்?" "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" இந்த நான்கு கேள்விகளும் போதும். நீங்களும் வீட்டில் கேட்கலாம்.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும். அதுதான் எங்களுக்குக் கடினம். பிள்ளை யோசிக்கும் நேரத்தில் நாங்கள் விடையைச் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்து பாருங்கள்.

இன்னொன்று, அளப்பதற்கு முன் மதிப்பிட்டுச் சொல்ல விடுவது. "இந்தப் போத்தலுக்கு எத்தினை சிரட்டை கொள்ளும்?" என்று கேட்டால் ஒரு பிள்ளை 3 என்னும், இன்னொன்று 100 என்னும். பிறகு வார்த்துப் பார்ப்பார்கள். நாள் செல்லச் செல்ல அந்த மதிப்பீடு உண்மைக்குக் கிட்ட வரும். 100 சொன்ன பிள்ளையைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அது அடுத்த முறை வாய் திறக்காது.

உயரமான போத்தலில் கூடத் தண்ணீரா?

சில தாய்மார், "என்ர பிள்ளைக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்குதில்லை" என்று மனம் நொந்து சொல்வார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். பிள்ளையின் கண் முன்னே ஒன்றை ஒடுக்கமான, உயரமான போத்தலுக்குள் ஊற்றுங்கள். எதில் கூடத் தண்ணீர் என்று கேட்டால், நான்கு வயதுப் பிள்ளை அநேகமாகப் போத்தலைத்தான் காட்டும். உயரம் மட்டுமே அதன் கண்ணில் படுகிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896 – 1980). பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதளவில் இது தெளிகிறது. ஆகவே உங்கள் பிள்ளை மந்தம் என்று நினைக்க வேண்டாம். ஏசியும் அடித்தும் இதை விளங்கவைக்க முடியாது. ஊற்றி ஊற்றிப் பார்க்கும் சந்தர்ப்பத்தைக் கொடுப்பதுதான் நாங்கள் செய்யக்கூடியது.

கையால் செய்து படிக்கும் முறையை உலகுக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரி (1870 – 1952). அவர் தனது முதலாவது பாலர் இல்லத்தை 1907 தை 6 ஆம் திகதி உரோம் நகரின் சான் லொறன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு கவனிப்பார் இல்லாமல் திரிந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். அவர் செய்த சாதனங்களில் ஒன்று, 1 சென்ரிமீற்றரில் தொடங்கி 10 சென்ரிமீற்றர் வரை படிப்படியாகப் பெரிதாகும் 10 மரக் கட்டைகள். பிள்ளை அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். ஒழுங்கு பிழைத்தால் ரீச்சர் சொல்லத் தேவையில்லை, பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும். 1939 இல் சென்னைக்கு வந்த அவர் இரண்டாம் உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் பல வருடங்கள் இந்தியாவில் தங்கினார். அந்தக் காலத்தில், 1944 இல், இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

விலை கூடிய மொண்டிசோரிச் சாதனங்களை வாங்க எங்கள் கிராமத்து முன்பள்ளிகளால் முடியாது. பெரிதிலிருந்து சிறிதாகப் பத்துப் பேணிகளைச் சேர்த்தால் அதே வேலை நடக்கும். ஒரு தடியின் நடுவில் கயிறு கட்டித் தூக்கி, இரண்டு நுனியிலும் இரண்டு சிரட்டைகளைத் தொங்கவிட்டால் தராசு. ஒரு பக்கம் ஊமல், மறுபக்கம் பஞ்சு. பெரிதாக இருப்பது எல்லாம் கனமாக இருக்காது என்பதைப் பிள்ளை அதில் காணும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

தண்ணீரில் விளையாடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் கூடச் சின்னப் பிள்ளை தலைகீழாக விழுந்து மூச்சுத் திணறலாம். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கவிழ்த்து விடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பும் பெருகும்.

புளியங்கொட்டை, குண்டுமணி போன்றவற்றைப் பிள்ளைகள் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் வைத்துவிடுவார்கள். குண்டுமணி நஞ்சும் கூட. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஊமல், சிரட்டை போன்ற பெரிய பொருட்களே பொருத்தம்.

மற்றது, எங்கள் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றும் பணி முற்றாக முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. "விளையாடச் சாமான் பொறுக்கிக்கொண்டு வாங்கோ" என்று பிள்ளைகளை ஒருபோதும் வெளியில் அனுப்பாதீர்கள். கல், சிப்பி, கொட்டை எல்லாவற்றையும் நாங்கள் கூட்டித் துப்புரவாக்கிய எங்கள் முற்றத்திலிருந்து, நாங்களே எடுத்துக் கொடுப்போம். அடையாளம் தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நினைவுபடுத்துங்கள். பெரியவர்கள் உடனே பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

"எனக்குக் கணக்கு வராது மிஸ்"

தாய்மாரை முன்பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு ஏதாவது செய்யும்படி ரீச்சர் அழைத்தபோது, ஓலை இழைக்கும் அந்தத் தாய் பின்னுக்கு நின்றார். "எனக்குக் கணக்கு வராது மிஸ். எட்டாம் வகுப்போட நிண்டனான்" என்றார். கணக்கு வேண்டாம், சிரட்டைகள் போட ஒரு பெட்டி இழைத்துத் தாருங்கள் என்று ரீச்சர் கேட்டார்.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டார். ஒவ்வொருவரும் கையை விரித்து ஒவ்வோர் அளவு காட்டினார்கள். அவர் சிரித்துவிட்டு, ஆளுக்கு ஓர் ஈர்க்கைக் கொடுத்து, "சிரட்டையளை அடுக்கிப் பாத்து, எவ்வளவு நீளம் வேணுமோ அவ்வளவுக்கு முறிச்சுத் தாங்கோ" என்றார். பிள்ளைகள் 17 சிரட்டைகளையும் நிலத்தில் அடுக்கினார்கள். நீளமாக அடுக்கினால் ஈர்க்கு காணவில்லை. மூன்று மூன்றாக அடுக்கி, பிறகு ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று மூன்று ஈர்க்குகளை முறித்துக் கொடுத்தார்கள். அடுத்த நாள் பெட்டி வந்தது. சிரட்டைகள் அதற்குள் அளவாக இருந்தன.

"அன்ரி, எத்தினை ஓலை வேணும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ரீச்சரின் கேள்வியைப் பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்! "ஒரு சாணுக்கு எத்தினை ஓலை போகும் எண்டு என்ர கைக்குத் தெரியும்" என்றார் அவர். கணக்கு வராது என்று சொன்னவரின் வாயிலிருந்து வந்த பதில் அது.

அன்று பிள்ளைகள் போன பிறகு, அவர் எடுக்க யோசித்த கடனைப் பற்றிக் கதைத்தோம். 30,000 ரூபா. கிழமைக்கு 800 ரூபாவாக 50 கிழமை கட்ட வேண்டும். கிழமைக்கு 800 தானே என்பது அவருடைய எண்ணம். மேசையில் பிள்ளைகளின் புளியங்கொட்டைப் பேணி இருந்தது. ஒரு கொட்டை ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொண்டோம். கையில் வரும் காசுக்கு 30 கொட்டைகளை ஒரு வரிசையாக வைத்தார். திருப்பிக் கட்டும் காசுக்கு ஐந்து கிழமைக்கு 4 கொட்டை. அப்படிப் பத்துத் தரம் வைத்தபோது 40 கொட்டை. கீழ் வரிசை 10 கொட்டை நீண்டு நின்றது. அந்தப் பத்துக் கொட்டைக்கு எத்தனை பெட்டி இழைக்க வேண்டும் என்று அவரே விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

எடு என்றோ எடுக்காதே என்றோ நான் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது கடன் எடுக்கவில்லை என்றார். மகள் அதே முன்பள்ளிக்குத்தான் போகிறாள். கடன் எல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தொழிலுக்குக் கடன் தேவைப்படும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஆனால் கையொப்பம் வைக்க முன் "மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?" என்று கேட்டு, அளந்து பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு. படிப்பு இடையில் நின்றுபோனதால் அந்த உரிமை இல்லாமற் போகவில்லை.

வீட்டில் செய்து பார்க்க

இதற்குத் தனியாக நேரம் தேவையில்லை. நீங்கள் செய்யும் வேலையோடு சேர்த்தே செய்யலாம்.

1. உலைக்கு அரிசி போடும்போது பிள்ளை சுண்டால் அளக்கட்டும். தலை குவித்த சுண்டுக்கும், தலை தட்டிய சுண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கட்டும்.

2. சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று என்று வைப்பதே முதலாவது கணக்கு.

3. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் ஊற்றும்போது, கன்றுக்கு எத்தனை சிரட்டை என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். மண் காய்ந்த நாளில் கூட்டவும் மழை நாளில் குறைக்கவும் தானே பழகும்.

4. காலை, மதியம், பின்னேரம் மூன்று நேரமும் முற்றத்தில் பிள்ளையை ஒரே இடத்தில் நிற்கச் சொல்லி, அதன் நிழலைக் காலடியால் அளந்து பாருங்கள். எப்போது கட்டை, எப்போது நீளம்? ஏன் என்று உடனே விளக்க வேண்டாம்.

5. கதவு நிலையில் பிள்ளையின் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளையின் பழைய கோட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

6. கிளினிக்கில் நிறை நிறுத்தபின், அட்டையில் குடும்பநல உத்தியோகத்தர் போடும் புள்ளியைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதை நீங்களும் கேட்டு அறியுங்கள்.

எழுதப் பழக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதில் தரம் 1 இல் சேர்ந்த பிறகு எழுத்தும் எண்ணும் முறையாகக் கற்பிக்கப்படும். அதற்கு முன் கொப்பி நிறைய எழுதவைத்தால் பிஞ்சு விரல் நோகும், படிப்பில் வெறுப்பும் வரும். தண்ணீர் ஊற்றி, மண் கிள்ளி, ஈர்க்கு முறித்துப் பழகிய விரல்களுக்குப் பென்சில் பிடிப்பது இலகுவாக இருக்கும். தரம் 5 புலமைப்பரிசில் பற்றிய பயத்தை நான்கு வயதிலேயே தொடங்க வேண்டாம்.

முன்பள்ளி ஆசிரியைகள் மிகக் குறைந்த கொடுப்பனவோடு இந்த வேலையைச் செய்கிறார்கள். பலரும் தங்கள் கைக்காசில்தான் சாமான் வாங்குகிறார்கள். இந்த மாதம் உங்கள் வீட்டில் எறியப்போகும் பால்பேணி, போத்தல், சிரட்டை, துணித்துண்டு ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து முன்பள்ளிக்குக் கொடுங்கள். பேணியின் வெட்டும் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடித்த பிறகு கொடுங்கள். முடிந்தால் ஒரு காலைப்பொழுது அங்கே போய் இருந்து பாருங்கள். தையல் தெரிந்தவர் அளவு நாடாவோடு போகலாம். இடியப்பம் விற்பவர் தட்டோடு போகலாம். மீன் விற்பவர் தராசோடு போகலாம். உங்களிடம் கற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்கு நிறைய இருக்கிறது.

அடுத்த இதழில் சந்திப்போம்.